கொக்கி தாங்கும் எடை

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ இறந்த அன்றுகூட உன் வீட்டு வாசல்வரை வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியவன் நான். இன்று காலை சிவகாசியில் ஒரு கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் போயிருந்தேன். அதே தெருவில்தான் உன் மகன் கட்டியிருக்கும் புதுக் காலண்டர் குடோன். மாடிச் சுவரிலிருந்து வெளியே நீளும் இரும்பு உத்தரம், அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் கப்பி. கீழே நின்று ஒருவர் கயிற்றை இழுக்க, காகிதப் பண்டல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது உன் பழைய வரைபடத்தின்படி போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பண்டல் ஏற ஏற உத்தரத்தின் நுனி லேசாகத் தாழ்ந்ததும் தெரிந்தது.

கல்லூரி விடுதியில் நிலையியல் எனக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீதான் வழி சொன்னாய்: "ஏலே, ஒரு பொருள எடுத்துக்கிட்டு, அதச் சுத்தி இருக்கதெல்லாத்தையும் வெட்டி விட்ரு. அது மட்டும் அந்தரத்துல நிக்கட்டும். பொறவு, அதத் தொட்டுக்கிட்டு இருந்தது யாரு யாருன்னு கேளு." தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. எல்லா அம்புகளும் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டினால் பொருள் அசையாமல் நிற்கும். ஃப்ரீ பாடி டயகிராம் என்று புத்தகம் பக்கம் பக்கமாகச் சொன்னதை நீ ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். விருதுநகர் பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் அதைத்தான் நடத்துகிறேன். உன் பெயரை ஒருமுறையும் சொன்னதில்லை.

சொல்லத் தோன்றாததற்குக் காரணம் உனக்கே தெரியும். நீ கட்டிய முதல் குடோனின் வரைபடத்தைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாய். கொக்கியில் ஒரே ஓர் அம்பு போட்டிருந்தாய், பண்டலின் எடைக்கு. கயிற்றை இழுக்கிறவரின் கை படத்திலேயே இல்லை. அச்சகத்தின் கழிவுத்தாள் ஒன்றை எடுத்து நான் மறுபடி வரைந்தேன். பண்டல் அந்தரத்தில் நிற்கக் கயிறு அதன் எடை அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அதே கயிறுதான் கப்பியைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறது. அங்கே நிற்பவரும் அதே அளவு கீழே இழுக்கிறார். இரண்டு இழுப்பையும் கொக்கிதான் தாங்க வேண்டும், அதாவது பண்டலைப்போல் இரு மடங்கு.

குடோன் முதலாளி குழம்பிப்போய், "பண்டல் ஒண்ணுதானே தம்பி?" என்றார்.

நீ என் தாளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "அவரு வாத்தியாரு அண்ணாச்சி. பண்டலோட சேத்து, இழுக்கிறவனையும் நிறுத்துப் போடுதாரு."

லோடு ஏற்றுகிறவர்கள் முதல் முதலாளி வரை சிரித்தார்கள். அன்று எனக்கு விழுந்த பட்டம் ‘டபுள் வெயிட்டு.’ கல்யாண வீடுகளில் பந்தி இலைவரைக்கும் அது என்னோடு வந்தது. அந்தக் குடோனின் உத்தரமோ விழவே இல்லை. அதையும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை.

இன்று உன் மகன் என்னைக் கண்டதும் ஓடி வந்தான். நல்ல பிள்ளை. "டபுள் வெயிட்டு மாமா வந்திருக்காக, சேர் எடுத்துப் போடுங்க" என்றான். உட்காராமல் உத்தரத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். முடிக்க விடவில்லை. "அப்பா சொல்லியிருக்காக மாமா. அவுக வரைஞ்சபடிதான் அச்சு மாறாம போட்டிருக்கோம். அங்கன அம்புட்டு வருஷமா ஒண்ணும் ஆகலயே." சீசன் தொடங்கியதும் இரண்டு பண்டல்களைச் சேர்த்துக் கட்டி ஏற்றப் போகிறானாம். இதையும் அந்தக் கப்பிக்கு நேர் கீழே நின்றுதான் சொன்னான்.

அங்கிருந்து நேராக நீ கட்டிய அந்தப் பழைய குடோனுக்குப் போனேன். இத்தனை வருஷமும் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனவன், இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். மகன் போட்டிருப்பதைவிட அந்த உத்தரம் எவ்வளவோ கனம். அளவெடுக்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது. வரைபடத்தில் நீ எழுதிய இரும்பு அதுவல்ல. ஆக, என் தாளை நீ நம்பியிருக்கிறாய். சத்தமில்லாமல் இரும்பை மாற்றிவிட்டு, வரைபடத்தை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறாய். திருத்தினால் நான் சொன்னது சரி என்றாகிவிடும் அல்லவா.

சிரிக்க வேண்டுமென்று தோன்றியது, முடியவில்லை. என் மனக்கசப்பு இதனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பாதி இறங்கியிருக்கலாம். மீதி என்னோடுதான் இருக்கும்.

இந்த மடல் உனக்கானது, என் மேசையில் கிடக்கட்டும். உன் மகனுக்கு ஒரு தாள் தனியாக வரைந்திருக்கிறேன். கப்பி மட்டும் அந்தரத்தில். கீழ்நோக்கி இரண்டு அம்புகள், மேல்நோக்கி ஒன்று. அதன் அடியில்: ‘பழைய குடோனின் உத்தரத்தை அளந்து பார். கொக்கிக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு தொங்கு தராசை மாட்டி, சின்னப் பண்டலாகத் தூக்கிப் பார். அதுவரை கீழே யாரையும் நிற்கவிடாதே, நீயும் நிற்காதே.’

என் பெயரைப் போட்டால் முதலில் அந்தப் பட்டம்தான் அவன் நினைவுக்கு வரும், படத்தைப் பார்க்க மாட்டான். பெயரில்லாத தாள் என்றால், அப்பாவுடைய பழைய கணக்கு யார் மூலமோ வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொள்வான். நினைக்கட்டும். அவன் தராசை மாட்டினால் எனக்குப் போதும். கையெழுத்துப் போடாமல் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.