ஒதிலியா திறக்காத கதவு

மத்தான்சாஸ்,
3 பிப்ரவரி 1953

அன்புள்ள அன்செல்மோ,

உன் இருமல் குறைந்ததா? நான் நலம். ஒன்று மட்டும் சரியில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு மேசையில் உட்காருகிறேன். நான்கு மாதமாக ஒரு வரி வரவில்லை. மடத்துப் பள்ளியில் படித்தபோது என் கட்டுரையைத்தான் கன்னியாஸ்திரிகள் வகுப்பில் வாசித்துக் காட்டுவார்கள். உன் அண்ணன் ரொகேலியோ காலமான பிறகு பதினோரு கதைகள் எழுதிவிட்டேன். எல்லாம் பிழையில்லாதவை. எனக்கே அலுப்பாக இருக்கின்றன.

கடைசிக் கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். சுருட்டுத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தொழிலாளிகளுக்குக் கதை வாசிக்கிறவன் நீ. தேறாது என்றால் தேறாது என்று எழுது. பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். அண்ணி என்று தாட்சண்யம் பார்க்காதே.

ஹெர்மீனியா

ஹவானா,
12 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் தேவலை. உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திங்கட்கிழமை செய்தித்தாள் வாசித்து முடிந்ததும், பெயர் சொல்லாமல் உங்கள் கதையை வாசித்தேன். பிடித்தால் இவர்கள் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தரையில் போடுவார்கள். மூன்று வருடம் எங்கோ இருந்துவிட்டு வந்த புருஷனுக்கு ஒதிலியா புன்னகையோடு காபி கொடுக்கிறாளே, அங்கே அத்தனை கத்தியும் தரையில் விழுந்தது.

மூன்றாம் வரிசையில் சுருட்டுச் சுற்றும் டொமாசா எழுந்து நின்றாள். “ஏன்யா, ஓடிப்போனவன் வந்து நிக்கிறான், இவ சர்க்கரை போதுமான்னு கேக்குறா. எழுதினது யாரு, கன்னியாஸ்திரியா?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மறுநாள் வழக்கமான நாவலைத் தொடங்க என்னை விடவில்லை. ஒதிலியா என்ன செய்திருக்க வேண்டும் என்று மதியம்வரை சண்டை. தேறாத கதைக்கு இவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கோபம் வேண்டாம்.

அன்செல்மோ

மத்தான்சாஸ்,
16 பிப்ரவரி

அன்செல்மோ,

கோபம்தான். அனுமதி கேட்பது என்று ஒன்று உண்டு.

20 பிப்ரவரி

அன்றே இதை முடித்திருந்தால் அஞ்சலில் போட்டிருப்பேன். பாத்திரம் கழுவும்போது அந்தப் பெண் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. வேலை என்று அமெரிக்காவில் தாம்பாவுக்குப் போன ரொகேலியோ, ஒரு கடிதமும் இல்லாமல் இரண்டு வருடம் கழித்துத் திரும்பிய அன்று, நானும் காபிதான் போட்டேன். பெண் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று கற்றுத் தந்திருந்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் சாகும்வரை கேட்கவில்லை.

மேசைக்குக்கூடப் போகவில்லை. அடுப்படியில் நின்றே எழுதத் தொடங்கினேன். நான்கு நாளில் பத்தொன்பது பக்கம். இப்போது ஒதிலியா கதவைத் திறப்பதில்லை. உள்ளே இருந்தே பேசுகிறாள். வெளியே நிற்பவன் உன் அண்ணனைப் போல இருப்பான். பொறுத்துக்கொள். என் பெயரைச் சொல்லி வாசி.

ஹெர்மீனியா

ஹவானா,
3 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

பெயர் சொல்லி வாசித்தேன். “நீ எங்க இருந்தேன்னு நான் கேக்க மாட்டேன். இத்தன நாள் நான் எங்க இருந்தேன்னு நீ கேளு” என்று ஒதிலியா சொல்லும் இடத்தில் கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

முடித்ததும் முதலில் தட்டியது டொமாசா. பிறகு நூற்றிருபது பலகைகள். கீழ்த்தளத்திலிருந்து மேஸ்திரி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

அந்த வருடங்களைப் பற்றி அண்ணன் என்னிடம் சொன்னதில்லை. நானும் உங்களைக் கேட்டதில்லை. மன்னியுங்கள்.

அடுத்த கதை எப்போது என்கிறார்கள்.

அன்செல்மோ

மத்தான்சாஸ்,
27 மார்ச்

அன்புள்ள அன்செல்மோ,

பதில் தாமதம், நேரமில்லை. உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். ஐந்தாவது முறை எடுத்தபோது பாதியில் வைத்துவிட்டு எழுதப் போய்விட்டேன்.

புதிய கதை இத்துடன் வருகிறது, முப்பத்தொரு பக்கம். அறுபது வயது விதவை ஒருத்தி காதலிக்கிறாள். ஆறாம் பக்கம் டொமாசாவுக்குப் பிடிக்காது. வாதாடட்டும். ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

ஹெர்மீனியா