அழித்தால் அழிய வேண்டும்

நவம்பர் 14

வீடியோவின் நகல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. வந்ததும் ஹார்ட் டிஸ்கைச் செருகினால், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. சுரங்கத் தொழிலாளிகள் இருவரின் பேட்டியும் போயிற்று. கேமரா கார்டை, என்னோடு படம் எடுக்கும் சுயுன்பெக் முன்பே துடைத்துவிட்டிருந்தான்.

"டிஸ்க்ல எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் போட்டா என் மேக்லயும் ஓடும், உன் விண்டோஸ்லயும் ஓடும்னு நீதானே சொன்னே?" என்று கத்தினான்.

"ஓடிச்சில்ல? கரண்ட் போனதுக்கு நான் என்ன பண்றது?"

ஆவணப்படம் இருவருடையதும்தான். கத்தி என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 17

டிஸ்க் ஃபார்மேட்களைப் பற்றிப் படித்துப் படித்துத் தலை வலிக்கிறது. பழைய ஃபேட்32-இல் இவ்வளவு பெரிய கோப்பு நுழையவே நுழையாது. என்டிஎஃப்எஸ் போட்டால் அவன் மேக் படிக்கும், எழுதாது. இசட்எஃப்எஸ் பழையதன்மேல் எழுதுவதில்லை, அதனால் மின்சாரம் போனாலும் முன்பிருந்தது கெடாது. டிஸ்கின் அவ்வப்போதைய நிலையையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்; பிறகு அழித்ததைக்கூட அதிலிருந்து மீட்கலாம். ஆனால் தனியாக ஒரு லினக்ஸ் கணினி வேண்டும்.

"இந்த பிஷ்கெக் ஊர்ல இதைத் திறக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான், மேரிம். நாளைக்கு நீ மார்ஷ்ருட்கா வேன்ல அடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன்னா?"

"அழுதுக்கிட்டே கத்துப்பே."

நவம்பர் 23

இசட்எஃப்எஸ்தான். இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே பதிவு. இனி எதுவும் தொலையாது.

டிசம்பர் 6

சுரங்கம் இருக்கும் கரா-டாஷ் ஊருக்குப் போய் வந்தோம். சுரங்கம் சரிந்து கணவனை இழந்த கலீமா அக்கா பேசினார். சரிந்தது ஏற்கெனவே மூடிய பாதை என்று தெரிந்தே மேஸ்திரி உள்ளே அனுப்பியிருக்கிறான். இறங்குவதற்கு முன் கணவர் போனில் சொன்னாராம்: "எனக்குப் போகப் பிடிக்கல. இந்தாளு போடாங்கறான்." இதுவரை யாரிடமும் அக்கா இதைச் சொன்னதில்லை.

பேசப் பேசத் தலைத்துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். நான் கேமராவை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ?

ஜனவரி 19

அக்கா போன் செய்தார். கொழுந்தன் எல்தியாருக்கும் அதே சுரங்கத்தில்தான் வேலை. அக்கா பேசிய விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது.

"அவனை வேலையை விட்டு எடுத்துடுவாங்களாம். புள்ளைங்க இருக்கும்மா வீட்ல. நான் பேசினதை அழிச்சிடு."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

சுயுன்பெக்கிடம் சொன்னேன். "அழிச்சிட்டேன்னு சொல்லு. ஃபோல்டர்லேருந்து தூக்கிடு. பிடிச்சு வெச்ச பழைய நிலைல அது இருக்கத்தானே போகுது? அதுக்குத்தானே இதைப் போட்டே."

"அது பொய்."

"மேஸ்திரி ஜாலியா சுத்தறானே, அது என்ன?"

அவன் சொல்வதும் நியாயம்தானே?

ஜனவரி 20

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 22

அழித்தேன். கோப்பு போனது, ஆனால் டிஸ்கில் இடம் காலியாகவில்லை. பிடித்து வைத்த நிலைகள் அதை விடாமல் வைத்திருந்தன. ஒவ்வொன்றாக அவற்றையும் அழித்தேன். கடைசி ஒன்றில் விரல் நின்றுவிட்டது. அக்காவின் கணவர் கடைசியாகச் சொன்னது இதில் மட்டும்தானே இருக்கிறது — யாருக்காக இதைச் செய்கிறேன்? அக்காவுக்காகவா, எனக்கு உறுத்தக்கூடாது என்பதற்காகவா?

அழுத்திவிட்டேன்.

ஜனவரி 23

சுயுன்பெக் கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "நல்லவளாவே இரு. படம் எடுக்கற வேலை உனக்கு வேணாம்."

பிப்ரவரி 27

கல்யாண வீடியோ வெட்டுகிறேன். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 11

மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன். கலீமா அக்கா.

"கம்பெனி ஆளுங்க வந்தாங்க. நீ அழிக்கவே இல்ல, ஒளிச்சு வெச்சிருக்கேன்னாங்க. எங்கிட்ட நிஜத்தைச் சொல்லு."

"அழிச்சிட்டேன் அக்கா. எங்கயுமே இல்ல."

அங்கே ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எல்தியாரை எடுத்துட்டாங்க," என்றார். "பேசினாலும் எடுப்பாங்க, பேசாட்டியும் எடுப்பாங்க போல. இப்ப அவனும் கேமரா முன்னாடி உக்காந்து பேசறேங்கறான். நீ வருவியா?"

மாவுக் கையோடு சுயுன்பெக்கை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்பக் கெளம்பணும்?" என்று மட்டும் கேட்டான்.