முழங்கால் வலிக்கும் தரம் ஒன்பது மாணவி

டீச்சர்,

இன்று வெள்ளிக்கிழமை. ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டின் வாசல் கூண்டுக்குள் இருந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் போன் ஒருமுறை அதிர்ந்தது. மீன் குழம்பு பட்ட விரலாலேயே திரையைத் தொட்டேன். "இந்தக் கிழமை மகளிடம் கேட்ட கேள்வி என்ன? அவள் என்ன சொன்னாள்?" எனக்கென்று மட்டும் நீங்கள் செய்துவைத்த படிவம். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. படிவத்துக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு வெள்ளியும் தவறாமல் பன்னிரண்டரைக்கு வந்து நிற்கிறது.

ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாத ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மடலை அந்தப் பதில் கட்டத்துக்குள்ளேயே எழுதுகிறேன். எத்தனை எழுத்துக் கொள்ளும் என்று தெரியாது. நடுவில் அறுந்துபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்குப் பாடம் என்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு வந்து சேர்ந்த இடம் இந்தக் கூண்டு. கன்டெய்னர் உள்ளே வந்தால் இலக்கம், லொறி இலக்கம், கதவில் பூட்டிய சீல் இலக்கம், நேரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒரு கட்டம் விடுபட்டாலும் மேலே இருப்பவர் என்னைக் கூப்பிட்டுக் கட்டம் கட்டுவார். இருபது வருடமாக இதே வேலை. அதனால் எங்கே படிவத்தைக் கண்டாலும் என் கை சும்மா இராது. எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ படிவம் நிரப்ப வேண்டுமென்றால் நேரே என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளைக் கொட்டாஞ்சேனையிலிருந்து எடுத்து வெள்ளவத்தைப் பக்கம் உங்கள் பாடசாலையில் சேர்த்ததும் நான்தான். நல்ல பாடசாலை, நல்ல பிள்ளைகள், மகள் டொக்டராகிவிடுவாள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டு தவணைக்குள் அவள் பேச்சு நின்றுபோனது. முதலில் வகுப்பில், பிறகு வீட்டில். காலையில் வயிற்று வலி என்பாள். பஸ் வரும் நேரம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்வாள். கடைசியில் ஒரு நாள் தாயிடம், "இனி ஸ்கூலுக்குப் போக மாட்டேன் மம்மி" என்றாளாம். காரணம் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். ஆனாலும் தாய் தினமும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தாள். வீட்டில் மூன்று பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த நேரத்தில்தான் நீங்கள் மாணவர் ஆலோசகராக வந்து, திங்கட்கிழமைப் படிவத்தைத் தொடங்கினீர்கள். நேரில் வாய் திறக்காத பிள்ளை விரலாலாவது சொல்லட்டும் என்பது உங்கள் எண்ணம். ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து முகம். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு கட்டம். மகளுக்குப் போன் இல்லாததால் படிவம் என் போனுக்கு வந்தது. "மாணவர் தாமே நிரப்ப வேண்டும்" என்று மேலே எழுதியிருந்ததை நான் வாசிக்காமலில்லை. கைப்பணிப் பாடத்துக்கு மாணவர் தாமே செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். ஈர்க்கில் வீட்டைக் கட்டி விரலை வெட்டிக்கொள்வது யார்? தகப்பன்தானே. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஐந்து கேள்விக்கும் ஐந்து சிரிக்கிற முகம். முழுப் புள்ளி. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் நூற்றுக்கு நூறு. கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. முதல் கிழமை, "மேற்படி மாணவி நலமாக உள்ளார்" என்று எழுதினேன். அடுத்த கிழமை, "மேலே கூறிய யாவும் உண்மையென உறுதி செய்கிறேன்." பிறகு எழுத விஷயம் தீர்ந்துபோனது. ஒரு மழை நாளில் மனதில் வந்ததை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏழாவது கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள். என்னைவிடப் பத்து வயதாவது குறைவான உங்கள் முன்னால், பிரம்படிக்குக் காத்திருக்கிற பொடியனைப் போல் இருந்தேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினீர்கள்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். "மழை நாட்களில் முழங்கால் வலி கூடுகிறது. வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை."

"கிரேட் நைன் பிள்ளைக்கு முழங்கால் வலி எண்டு முதல் தடவையா பாக்கிறன்," என்றீர்கள். "அதுவும் காலமை நாலே முக்காலுக்கு எழும்பி நிரப்பியிருக்கு. இவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்ர சேர்விஸிலயே இல்லை."

"டீச்சர், அது வந்து... அஞ்சே காலுக்கு நான் வேலைக்கு வெளிக்கிடணும்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு அமைதியானது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சிரிச்ச முகம் ஏழு கிழமை வந்தது. பிள்ளை வகுப்பில மேசையில தலை வச்சுப் படுத்திருக்கிறா. நீங்கள் அவவின்ர வாயைப் பொத்திப் போட்டீங்கள் அண்ணை. தெரியாமல்தான். ஆனா பொத்திப் போட்டீங்கள்," என்றீர்கள்.

அந்த ஏழு தாளையும் அச்சடித்து என் கையில் தந்து, மகளிடம் நானே காட்ட வேண்டும் என்றீர்கள். கொள்ளுப்பிட்டி வரும்வரை பஸ்ஸில் அதை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

அன்று பின்னேரம் மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "டாடி பெரிய பிழை ஒண்ணு செஞ்சிட்டேன் மகள். நீ நிரப்ப வேண்டியத நான் நிரப்பிட்டேன்," என்று தாள்களை நீட்டினேன். கோபத்தோடுதான் வாங்கினாள். முதல் தாள், இரண்டாம் தாள். "மேற்படி மாணவியா?" என்று முணுமுணுத்தாள். முழங்கால் தாளுக்கு வந்ததும் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழும்ப, அவள் திரும்பினாள்.

"டாடி, எனக்கு முழங்கால் வலியா?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவியும் தாளை வாசித்துவிட்டு, "இந்த மனுசனக் கட்டின எனக்கொரு ஃபோர்ம் இல்லையா?" என்று சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சிரித்து முடித்த மகள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். முன்கதவுப் படியில் போய் இருந்து, இருட்டும்வரை எழுதினாள்.

அடுத்த நாளே உங்களுக்குப் போன் எடுத்தேன். "என்னா எழுதினா டீச்சர்?"

"சொல்ல மாட்டன்."

"நான் தகப்பன்."

"அண்ணை, உங்கட யார்டுக்கு வாற கன்டெய்னரைச் சீல் உடைச்சுப் பாக்கிறனீங்களோ?"

"ஐயோ, வேலை போயிரும்."

"அப்ப என்ன செய்வீங்கள்?"

"சீல் சரியா இருக்கான்னு பார்த்து உள்ள விடுவேன்."

"அதைச் செய்யுங்கோ. பிள்ளைக்கு உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தெண்டால் நானே உங்களிட்ட வருவன். மற்றபடி சீல் சீல்தான்."

அந்தக் கிழமைதான் இந்த வெள்ளிக்கிழமைப் படிவம் பிறந்தது. நானும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நான் முதலில் அனுப்பிய கேள்வி, "சாப்பிட்டியா?" நீங்கள் திருப்பி எழுதினீர்கள்: "இது தாய்மார் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட கேள்வி." இரண்டாவது, "கணக்குச் சோதனை எப்போது?" அதற்கு, "இது பரீட்சைத் திணைக்களத்தின் வேலை. நீங்கள் அங்கே வேலை செய்யவில்லை." மூன்றாம் கிழமை துணிந்து, "அந்த ஸ்கூல்ல உனக்கு யாரப் பிடிக்கும்?" என்று கேட்டேன். "ஒருத்தரையும் பிடிக்காது" என்றாள். உபதேசம் தொண்டை வரை வந்துவிட்டது. அதையும் எழுதி அனுப்பினேன். உங்கள் பதில்: "கேட்டீர்கள், பதில் வந்தது. இனி வாயைத் திறக்காமல் தேத்தண்ணி குடியுங்கள்."

குடித்தேன். எத்தனை கோப்பை என்று தெரியாது. ஒரு நாள் அப்படி இருவரும் படியில் இருக்கும்போது அவளாகவே சொன்னாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்களாம். இவள் எங்கள் ஒழுங்கைத் தமிழில் வாய் திறந்தவுடன் சிரிக்கிறார்களாம். ஒருத்தி அதை அப்படியே செய்துகாட்டுவாளாம். நான் நாளை வந்து அதிபரைப் பிடிக்கிறேன் என்று எழும்பப் பார்த்தேன். உங்கள் தேத்தண்ணி நினைவு வந்து இருந்துவிட்டேன். பதிலுக்கு என் சிங்களத்தைச் சொன்னேன். இருபது வருடமாக லொறியில் வரும் சிங்களத் தம்பிமார் நான் பேசுவதைச் செய்துகாட்டிச் சிரிப்பதையும், நானும் சேர்ந்து சிரித்தபடி சீல் இலக்கம் பார்ப்பதையும் நடித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு முட்டியது.

வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுவும் சீலுக்குள். தெரிந்தது இவ்வளவுதான்: செய்துகாட்டிய அதே பிள்ளை அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் அப்பத்தை ஆறு சாப்பிட்டுவிட்டு, "அங்கிள், எனக்கும் உங்கட ஒழுங்கைத் தமிழ் பழக்குங்கோ" என்றாள். மகள் இப்போது உயர்தரம். டொக்டர் இல்லையாம், நாடகமும் அரங்கியலுமாம். வாய் மூடுவதில்லை. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டே நாளாகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மகளிடம் கேட்ட கேள்வியை எழுதிய பிறகு, கீழே, "டீச்சர் எப்படி இருக்கிறீங்க?" என்று எழுதினேன். ஐந்து முகத்தில் நடு முகத்தை மட்டும் அனுப்பினீர்கள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நோய் என்று நீங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஏழு கிழமை நான் அனுப்பிய பொய்ச் சிரிப்பு முகத்தை ஒருமுறைகூட நீங்கள் அனுப்பவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

உங்களைக் கடைசியாகப் பார்க்க உங்கள் வீட்டுக்கு மகளும் நானும் வந்தோம். வாசலில் உங்கள் அக்கா அழுத கண்ணோடு என்னைப் பார்த்து, "நீங்கள்தானே அந்த முழங்கால் அண்ணை?" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை. அக்காவிடம் அந்த ஒரு சீலை மட்டும் நீங்கள் உடைத்திருக்கிறீர்கள். போகட்டும், உங்களுக்கு மன்னிப்பு உண்டு.

திங்கட்கிழமைப் படிவத்தை இப்போது உங்கள் இடத்துக்கு வந்த சேர் வாசிக்கிறார். உங்கள் கேள்விகளில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மகளுக்குச் சொந்தப் போன் வந்துவிட்டது. திங்கள் காலையில் அவள் திரும்பி இருந்து எழுதும்போது நான் சப்பாத்துக் கட்டுவேன். அனுப்பி முடித்து நிமிரும்போது முகத்தை ஒருதரம் பார்ப்பேன். சீல் சரியாக இருந்தால் நான் வேலைக்கு.

இனி இந்தக் கிழமைப் பதில். கேள்வி நான் கேட்கவில்லை டீச்சர். நேற்றுப் பின்னேரம் மழை. நான் நனைந்து வந்து படியில் இருந்தேன். மகள் இரண்டு தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"டாடி, இன்னைக்கு எப்படி இருந்திச்சி?" என்றாள். பிறகு வாயைத் திறக்காமல் தேத்தண்ணி குடித்தாள்.

முழங்காலில் தொடங்கினேன்.