இன்ஹேலர் என்னிடம்தான் இருக்கும்

ஜூன் 9
மகளின் பள்ளிச் சட்டையை நான் வேலை பார்க்கும் தையல் கடையிலேயே பிரித்துத் தைத்தேன். இடுப்பில் கொஞ்சம் விட வேண்டியிருந்தது. வளர்கிற வயது, பரவாயில்லை. தோளில் விழும் சுருக்கம்தான் உறுத்துகிறது. வெட்டு சரி, பிள்ளைதான் கூனுகிறாள். போன மழைக்காலத்தில் மைதானத்தில் மூச்சு முட்டி விழுந்தாளே, அன்று பந்தைத் தொடக் கூடாது என்று சொன்னவன் நான். அன்றிலிருந்து போனும் கட்டிலுமாகக் கிடக்கிறாள்.

ஜூன் 12
டாக்டரம்மாவிடம் போனோம். "ஆஸ்துமா இருந்தா என்ன, விளையாடட்டும். தினசரி மருந்த மட்டும் விடாதீங்க. ஓடுறதுக்கு முன்னாடி இன்ஹேலர் எடுக்கணும், விளையாடும்போதும் அது கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்" என்றார். 'நான் சொன்னப்ப கேட்டீங்களா' என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள். மகள் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.
சரி என்றேன், ஒரே நிபந்தனையோடு. இன்ஹேலர் என்னிடம்தான் இருக்கும். குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு வரை தொலைத்தவளை நம்பி உயிர்காக்கும் மருந்தைக் கொடுப்பதா?

ஜூன் 20
பயிற்சி மைதானத்தில் கோட்டுக்கு வெளியே இன்ஹேலரும் கையுமாக நின்றேன். கோச் பெண் வந்து, "அண்ணே, அவ பந்தப் பாக்காம உங்க மூஞ்சியவே பாக்குறா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.
கடுப்பாக வந்தது. நான் பெத்த புள்ளைய நான் பாக்கக் கூடாதா?

ஜூலை 2
படுத்ததும் தூங்கிவிடுகிறாள். தட்டில் மிச்சமில்லை. என்னோடு சண்டை போடக்கூடத் தெம்பு வந்திருக்கிறது. இன்று அளவெடுத்தேன், தோள் நேராக நிற்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரம் குத்திக்காட்டுவாள்.

ஜூலை 11
நாளை மறுநாள் போட்டி. கடையில் மொத்த ஆர்டர், முதலாளி லீவு தரமாட்டேன் என்கிறார். மனைவி போகிறாள். அன்று காலையில் மறக்காமல் இன்ஹேலரை அவளிடம் கொடுக்க வேண்டும். மறக்காமல்.

ஜூலை 13
இன்று போட்டி.
துணியில் குறி போடச் சாக்பீஸ் தேடிப் பாக்கெட்டில் கை விட்டேன். இன்ஹேலர் வந்தது. என் பாக்கெட்டில்! போட்டி தொடங்கி வெகுநேரம். மனைவி போனை எடுக்கவில்லை. கழுத்தில் டேப்போடு ஓடினேன். பாவி, நீதானடா எடுத்து வச்சுக்கிட்ட. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா —
கோட்டுக்கு வெளியே குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. வாயில் ஒரு இன்ஹேலர்.
என் கையில் இருப்பதை நீட்டினேன். மூச்சு அடங்கியதும்தான் பேசினாள். "நெஞ்சு இறுகுற மாதிரி இருந்துச்சுப்பா. கையத் தூக்கிட்டு நானே வெளிய வந்துட்டேன்."
"இது ஏது?"
மனைவிதான் பதில் சொன்னாள். "டாக்டரம்மாகிட்டக் கேட்டு அன்னைக்கே இன்னொண்ணு வாங்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா அதையும் வாங்கி வச்சுக்குவீங்க."
"எங்கடி வச்சிருந்த?" என்று மகளைக் கேட்டேன்.
"சாக்ஸுக்குள்ள. ஓடும்போது குத்துது."
இன்றைக்குப் போதும் என்று கோச் உட்கார வைத்துவிட்டாள். தோற்றுப்போனார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் என் மகள்தான்.

ஜூலை 14
விளையாட்டை நிறுத்திவிடலாமா? காலை முதல் இதே யோசனை. ஆனால் நேற்று அவளைக் காப்பாற்றியது யார்? நான் இல்லை. ஊரைச் சுற்றி இன்ஹேலரைச் சுமந்த நான் இல்லவே இல்லை.

ஜூலை 16
அவளுடைய விளையாட்டுக் கால்சட்டையில் உள்பக்கமாக ஒரு பாக்கெட் தைத்தேன். ஆழமாக, ஜிப் வைத்து, இரட்டைத் தையல்.
"குதிச்சுப் பாரு" என்றேன். குதித்தாள்.
"குத்துதா?"
"இல்லப்பா. இன்னிக்கு வருவீங்களா?"
வேலை இருக்கிறது, நீ போய் வா என்றேன். கடை வாசலில் பழக்கதோஷத்தில் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தேன். சாக்பீஸ் மட்டும் இருந்தது.