பஸ் சாவியைக் கொடுத்துருங்க

ஏங்க,

ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்க தம்பிக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டேன். உங்களுக்குச் சோறு உறியில இருக்கு, வெஞ்சனம் கத்தரிக்காய்.

மத்தியானம் வடமதுரைக்காரர் பஸ்ஸை விலைக்குக் கேட்டு வருவார். சாவியைக் கொடுத்துருங்க. வயலை வித்து வாங்குன பழைய பஸ்தான். அதை நத்தத்து மாங்காய் ஏத்துற லாரியா மாத்தணும்னு அண்ணனும் தம்பியும் ரெண்டு வருசம் பாடுபட்டதும் தெரியும். ஆனா ஜாக்கி சரிஞ்சு பஸ் மேல விழுந்து தம்பிக்குக் காலை எடுத்தப்புறம் நீங்க அதுல ஒரு ஆணிகூட அடிக்கல. பகலெல்லாம் அதுக்குள்ள போய்ச் சும்மா உக்காந்திருக்கீக.

நேத்து தம்பி, "வித்துராதீக மதினி. வித்துட்டா என் காலு எதுக்குப் போச்சு?"ன்னு கேட்டுச்சு. பஸ்ஸை விக்கிறோம்னு இன்னைக்கு நானே சொல்லிர்றேன். திட்டுனா என்னையத் திட்டட்டும், நீங்க வர வேணாம்.

முத்துப்பேச்சி

பஸ்ஸுக்கு அடியில கட்டையை முட்டுக் கொடுக்காம எந்திரிச்சு வந்தது உங்க தப்புன்னு எல்லாரும் பேசுறாக. நானும் பேசிட்டேன். சோறு ஆறுதுன்னு அன்னைக்கு மூணு தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டது நான்தான். அதையும் தம்பிகிட்ட இன்னைக்குச் சொல்லப்போறேன்.