கரண்ட் இல்லாத நாளில் ஆண்டு விழா

ஆசை அண்ணி மல்லிகாவுக்கு,

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு 'பள்ளிச் செய்திகள்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும் வேலையை ஹெச்.எம். சார் என் தலையில் கட்டிவிட்டார். இந்த வருஷம் நடந்தது, இனி நடக்கப்போவது எல்லாம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி வர வேண்டுமாம். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. பள்ளிக்கூடத்துச் செய்தி என்றால் நீ சொல்லி நான் கேட்டுத்தான் பழக்கம். இந்தத் தடவை நான் சொல்கிறேன், நீ கேள். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஊரார் எதிரில் உன்னை 'நீங்க' என்பேன். சமையற்கட்டுக்குள் வந்துவிட்டால் 'நீ'தான். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து எத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல்! கடிதத்தில் வேஷம் எதற்கு என்று 'நீ' என்றே எழுதுகிறேன். வீட்டு விஷயத்தையும் எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். யார் படிக்கப் போகிறார்கள், எழுதிக்கொள் என்றான். உன் புருஷன் அப்படியேதான் இருக்கிறான்.

முதல் செய்தி, பெற்றோர் குழுவுக்கு இப்போது நான்தான் தலைவி. சிரிக்காதே. போன சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ பட்டென்று போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் உன் நாற்காலியில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் கொசுவை விரட்டக் கையைத் தூக்கினேன். உடனே பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஹெச்.எம். நீ பார்க்காத ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஜூனில் வந்தார். தங்கமான மனுஷன்தான், ஆனால் நம் ஊர் பிடிபட அவருக்குப் பாதி வருஷம் ஆயிற்று. ஆடிக் கிருத்திகை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் பாதி வகுப்பு திருத்தணி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் பிள்ளைகளின் முகம் அவருக்குப் பழக ஆரம்பித்திருந்தது. எந்த மொட்டை எந்தப் பெயர் என்று தெரியாமல், முடி முளைக்கிற வரைக்கும் மனுஷன் தவித்துப் போய்விட்டார்.

பெற்றோர் குரூப்பில் அவர் போடுகிற செய்தியைப் படித்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். 'மாண்புமிகு பெற்றோர் பெருமக்களுக்கு' என்று தொடங்கி, நோட்டீஸ் மாதிரி நீளமாகப் போகும். கடைசி வரியில்தான் நாளைக்கு லீவு என்று இருக்கும். அதற்குள் யார் பொறுமையாகப் படிக்கிறார்கள்? ஒரு லீவு நாளில் பாதிப் பிள்ளைகள் சீருடையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது அவர் எழுதியதை நான் நாலு வார்த்தையில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறேன். நீ போடுகிற மாதிரி கணீரென்று வரவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள்.

மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொதட்டூர்பேட்டையைச் சுற்றி எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்தால் ஓடத் தொடங்கி ராத்திரி வரைக்கும் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே தொண்டை கிழிய வேண்டும். தறியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வா என்றால் யாரும் வர மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு மட்டும் தறிகள் நிற்கும், ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். பெற்றோர் கூட்டத்தை அந்த நாளில் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நீ. அன்றிலிருந்து கரண்ட் இல்லாத நாள்தான் பள்ளிக்கூட நாள் என்பது ஊருக்கே மனப்பாடம்.

இனி உன் மகள் பவித்ராவைப் பற்றி. நன்றாகப் படிக்கிறாள், நன்றாக வளர்ந்தும் விட்டாள், உன் நீலப் புடவையை அளவெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டை போக வேண்டும். பொங்கல் முடிந்ததுமே அண்ணன் சொல்லிவிட்டான், எட்டாவது போதும் என்று.

அவன் சொன்ன காரணம் இரண்டு. தறிக்குத் தார் சுற்ற ஆள் இல்லை. ஊடை நூலைக் குச்சி குச்சியாகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தறி ஓடும். அது நீ செய்த வேலை. இன்னொரு காரணம் பஸ். பிதுங்கி வழிகிற பஸ்ஸில் தாயில்லாப் பெண்ணை அனுப்ப மாட்டானாம். நான் சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன், சமைத்துப் போட்டும் பார்த்தேன். ஹெச்.எம். சார் வீட்டுக்கே வந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பேசியது அண்ணனுக்குக் கேட்கவில்லை, அண்ணன் தறியை நிறுத்தவும் இல்லை.

பவித்ரா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் இடத்தில் உட்கார்ந்து தார் சுற்றத் தொடங்கிவிடுவாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு ஏன் அது வாயில் வரவில்லை?

இந்த நிலைமையில்தான் ஆண்டு விழா வந்தது. சார் தேதி கேட்டார். சாயங்காலம் வைத்தால் தறி ஓடும். முகூர்த்த நாளில் வைத்தால் பாதி ஊர் மலைக்குக் கல்யாணத்துக்குப் போய்விடும். கிருத்திகை ஆகவே ஆகாது. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில், கரண்ட் இல்லாத நாளில் வையுங்கள் என்றோம். நிச்சயமாகவா என்று சார் திரும்பவும் கேட்டார். நமக்குத் தெரியாததை இவர் என்ன கண்டார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இவர்கள் ஏதோ ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் போல என்று அவரும் விட்டுவிட்டார்.

மைக் செட் ஏழுமலையைத் தெரியும் அல்லவா, அவர் பையன் இப்போது ஐந்தாவது. தன் பிள்ளை ஆடுகிற விழா என்று வாடகைகூட வேண்டாம் என்றார். முந்தின நாள் சாயங்காலமே வந்து குழாய் ஸ்பீக்கர் கட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, பாட்டையும் ஓடவிட்டுப் பார்த்தார். ஊரே அதிர்ந்தது. நாங்களும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தலை நிறையப் பூ, பிள்ளைகளுக்கெல்லாம் கன்னத்தில் ரோஸ் பவுடர். ஏழுமலை மைக்கைத் தட்டினார். மறுபடி தட்டினார். வயரைப் பிடித்துக்கொண்டே பிளக் வரைக்கும் போனார். தலைக்கு மேலே நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யக்கா, இன்னிக்கு கரண்ட் இருக்காது இல்ல?"

அண்ணி, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் ஊரில் ஒரு ஆளுக்கு அது உறைக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே ஜெனரேட்டர் ஆர்.கே.பேட்டையில் ஏதோ கட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தது. முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள், அப்புறம் மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. மேடை ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவள் பவித்ரா. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சார் அவளிடம் சொன்னார். பரீட்சை நெருங்கிவிட்டது, இன்னொரு நாள் எங்கே இருக்கிறது? எட்டாவது முடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி மேடை. அண்ணன் பிடிவாதம் அப்படியே இருந்தால் அவள் ஏறுகிற கடைசி மேடையும் அதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வேணாம் சார். தறி ஓடிகினு இருக்க சொல்லவே பின்கட்டுலருந்து நைனாவ கூப்புட்டா கேக்கும். இதுக்கு இன்னாத்துக்கு சார் மைக்கு?" என்றாள். என்றவள் பதிலுக்குக் காத்திருக்காமல் மேடை ஏறிவிட்டாள்.

தறி வீட்டுப் பிள்ளையின் தொண்டையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். அன்றைக்கு ஒரு தறியும் ஓடவில்லை, ஊர் முழுக்க அமைதி. அவள் "அனைவரையும் வருக வருக" என்று தொடங்கியதும் கடைசி வரிசையில் அழுதுகொண்டிருந்த குழந்தை வாயை மூடிவிட்டது. நடனத்துக்குப் பாட்டு இல்லையே என்றால் அம்மாக்களே பாடினோம், கை தட்டியே தாளம் போட்டோம். சுருதி எந்தப் பக்கம் போனது என்று கேட்காதே. ஏழுமலை பையன் எங்கள் பாட்டுக்குப் பயந்து ஒரு சுற்று தப்பாகச் சுற்றினான்.

அண்ணன் விழாவுக்கு வரவில்லை. தறி நின்ற நாளில் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டான். பாதி விழாவில் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். லுங்கி, தோளில் துண்டு, சட்டையும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. உற்றுப் பார்த்தால் அண்ணன். என்ன ஆயிற்று என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வூட்டாண்ட கேட்டுச்சு. மல்லிகாதான் கூப்புடறான்னு எழுந்து வந்துட்டன்."

அப்போதுதான் எனக்கும் காது திறந்தது. அவள் குரல் அப்படியே உன் குரல், அண்ணி. தினமும் கூடவே இருக்கிற எனக்கு அது ஏன் கேட்காமல் போயிற்று? நான் அங்கேயே அழுதேன். அவனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றான். சார் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை, விழா முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தான். மைக் வேலை செய்திருந்தால் குழாய்ச் சத்தம்தானே என்று திரும்பிப் படுத்திருப்பானோ என்னவோ.

அன்றைக்கு வீட்டில் ஒன்பதாவதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நடுவில், இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சார் இந்தப் பக்கங்களைத் திருப்பித் தந்துவிடுவார். பள்ளி திறக்கும் முன்னால் மாணவர் சேர்க்கை ஊர்வலம் உண்டு. ஒன்றாவதில் சேர்க்கிற வயதில் யார் வீட்டில் பிள்ளை இருந்தாலும் நான் கதவைத் தட்டுவேன், தறி ஓடினால் ஜன்னலைத் தட்டுவேன். பள்ளி திறந்ததும் கண் பரிசோதனை முகாம் வருகிறது. அறுந்த நூலைக் கண்ணைச் சுருக்கித் தேடுகிற அப்பாக்களும் வரலாம், டாக்டரிடம் பேசிவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் சார் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்திப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறார். அன்றைக்கு எல்லாரும் தலை சீவி வரவும். பெற்றோர் கூட்டம் வழக்கம்போல் கரண்ட் இல்லாத நாளில்தான். அடுத்த ஆண்டு விழாவும் அதே மாதிரி, மைக் இல்லாமல் என்று முடிவாகிவிட்டது. ஏழுமலைக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இனி உனக்கென்று வைத்திருந்த செய்தி. விழா முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் உன் வீட்டுத் தறி நின்றுவிட்டது. கரண்ட் இருக்கிறது, அண்ணனைக் காணோம். கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்துகிற ஆளா அவன்? நான் பயந்துபோய்த் தெரு முழுக்கத் தேடினேன். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். பிள்ளைகள் ஏறுகிற காலைப் பஸ்ஸில் ஏறிப் பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறான். பவித்ரா தட்டு வைத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னான்.

"நம்ம ஸ்டாப்புல ஏறுனா நின்னுகினுதான் போவணும். பஸ்சு கெளம்பற எடத்துக்கே வண்டில கொண்டாந்து வுடறன். ஜன்னலாண்ட உக்காந்துகினு போ."

"ஆங், நைனா" என்றாள். இத்தனை மாதமாக அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

தார் சுற்ற ஆள் வேண்டுமே என்று அவன் இன்னும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க விட மாட்டேன். ஜூன் பிறந்ததும் தினமும் என் வீட்டுச் சோற்றை வடித்து வைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்கு அந்த வேலை பிடிக்காது, என் கையில் நூல் சிக்கும், அண்ணன் திட்டுவான், நான் திருப்பித் திட்டுவேன். ஆனாலும் ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்கு மேலும் உன் பெண் எதுவரைக்கும் படிக்கிறாளோ அதுவரைக்கும் உன் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்தில் அவளை உட்கார விட மாட்டேன், அண்ணி.

உனக்கு நாத்தனார், உன் பெண்ணுக்கு அத்தை,
செல்வி