கொக்கா அது?

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நேற்றுக் காலையும் நானும் அவரும் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, செராஸில் நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஆற்றோரப் பாதையில் நடந்தோம். மார்ச் மாதம் அல்லவா, வடக்கே திரும்பும் பறவைகள் கிளம்பத் தொடங்கிவிட்டன.

பறவையின் பெயரை யாராவது தப்பாகச் சொன்னால் அப்பாவுக்கு எப்படிக் கோபம் வரும்! முதல்முறை வீட்டுக்கு வந்த அன்றே மாப்பிள்ளை மைனாவைக் குயில் என்று சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறும்வரை திட்டு வாங்கினாரே.

நேற்று வேலிக் கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நீல இறக்கை வெயிலில் மின்னியது. அப்பா வெகுநேரம் பார்த்தார். பெயரைச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கொக்கா அது?" என்று வேண்டுமென்றே கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன்.

"ஆமா, கொக்குதான்லா," என்றார் சாதுவாக.

திரும்பும் வழியில் காக்காவைக் கிளி என்றேன். மைனாவை மயில் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னோடு இவ்வளவு ஒத்துப்போனதே இல்லை.

பெர்த்திலிருந்து லீவு போட்டு வருவது கஷ்டம், தெரியும். வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மட்டும், ஏதாவது ஒரு பறவையின் பெயரை அவரிடம் தப்பாகச் சொல்லிப் பார். உன்னையாவது திட்டுகிறாரா என்று நான் பக்கத்திலேயே நின்று கேட்கிறேன்.

அம்மா